நாய்க்கிடும் சோறு

நாய்க்கு என்ன ஆகாரம் கொடுப்பது என்பது நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு கேள்வியாகவே எழுந்ததில்லை. வீட்டில் எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, பானையின் அடியில் ஒட்டியிருந்த சோற்றோடு குழம்பின் மண்டியையும் கொஞ்சம் மோரையும் கலந்து, கொல்லைப்புறத்தில் கிடந்த உடைந்த சட்டியில் கொட்டி ஒரு குரல் கொடுத்தால், அத்தோடு அந்தக் கடமை தீர்ந்தது. கரிசல் சீமையில் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி முதலிய உயர்ந்த ஜாதி நாய்களுக்குக்கூடக் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோதான் நித்திய போஜனம்; வேட்டை வாய்த்த நாளில் முயலின் குடலும் தலையும் விசேஷம். இன்றோ அதே கேள்வி மிருக வைத்தியரிடமும் கடைக்காரரிடமும் நாய் வளர்க்கும் நண்பரிடமும் மிகுந்த கவலையோடு கேட்கப்படுகிறது. ஒருவர் பையில் அடைத்து விற்கும் உலர்ந்த உருண்டையே போதும் என்கிறார். ஒருவர் ஓநாயின் வம்சத்துக்குப் பச்சை மாமிசமே தகும் என்கிறார். ஒருவர் சோறு போட்டு வளர்த்த காலத்தில் நாய்கள் வாழவில்லையா என்று திருப்பிக் கேட்கிறார். மூவரும் தத்தம் வழியே இயற்கையோடு ஒத்தது என்று சாதிப்பதுதான் இதில் வேடிக்கை.

பழைய வழக்கத்தைப் புகழ்கிறவர்களிடமிருந்தே தொடங்குவோம். கிராமத்து நாய்க்கு இரண்டு அடுக்களைகள் இருந்தன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒன்று நம் வீட்டுடையது. மற்றொன்று வேலியும் வயலும் வைக்கோற்போரும் குப்பைமேடும் சேர்ந்து அமைந்தது. முதலாவதில் அதற்கு மாவுப்பொருள் கிடைத்தது. எலி, பெருச்சாளி, ஓணான், வெட்டுக்கிளி, ஆடு அறுத்த இடத்தில் எறியப்பட்ட ஜவ்வும் எலும்பும், மரத்தில் கட்டாமல் விட்ட மாட்டின் நஞ்சுக்கொடி ஆகிய யாவும் இரண்டாவதில் கிடைத்தன. நாம் வைத்த சோற்றில் இல்லாத புரதமும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதன் சரீரத்துக்கு அந்த வழியாகவே போய்ச் சேர்ந்தன. மாடிவீட்டில், சாத்திய கதவுக்குள் வளரும் நாய்க்கு அந்த இரண்டாவது அடுக்களை நிரந்தரமாக அடைபட்டுவிட்டது. அதன் சரீரம் எதைக் கேட்டாலும் அது நம் கையையே பார்த்து நிற்க வேண்டும். தம் தாத்தா வளர்த்த நாய் தயிர்சாதம் தின்றே பதினைந்து வருஷம் வாழ்ந்தது என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. தாத்தா பாராத வேளையில் அது தின்றவற்றையும், அதனோடு ஒரே ஈற்றில் பிறந்து முதல் மழைக்காலத்தைத் தாண்டாமல் மடிந்த குட்டிகளையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, பச்சை மாமிசக் கட்சி. ஆஸ்திரேலிய மிருக வைத்தியரான இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய புத்தகம் ஒன்றின் வாயிலாக உலகெங்கும் பரவிய இக்கொள்கை, சமைக்காத கறி, எலும்பு, ஈரல், கொஞ்சம் பச்சைக் காய்கறி ஆகியவற்றையே நாய்க்கு விதிக்கிறது. இதன் ஆதாரமான எண்ணம், நாய் என்பது வேஷம் மாறிய ஓநாய் என்பதே. பல்லைப் பார்த்தால் அந்த எண்ணத்துக்கு இடம் உண்டு: நாற்பத்திரண்டு பற்களில் பெரும்பாலானவை கிழிக்கவும் நறுக்கவும் அமைந்தவை, தாடை மாடு அசைபோடுவதுபோல் பக்கவாட்டில் அசைவதில்லை, உமிழ்நீரிலும் மாவைச் செரிக்கும் ரசம் அநேகமாக இல்லை. ஆனால் வாயோடு ஜீரணம் முடிந்துவிடுவதில்லை. 2013இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலாவைச் சேர்ந்த எரிக் ஆக்ஸெல்சனும் அவருடைய சகாக்களும் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், கணையத்தில் மாவுப்பொருளைச் சிதைக்கும் ரசத்துக்குரிய மரபணு ஓநாய்களில் 2 பிரதிகளே இருக்க, நாய்களில் 4 முதல் 30 பிரதிகள் வரை பெருகியிருப்பது தெரியவந்தது. உழுது பயிரிடாத மக்களோடு ஆஸ்திரேலியாவில் குடியேறிப் பின் காட்டு ஜீவனாகிவிட்ட டிங்கோவுக்கு இன்றும் அந்த 2 பிரதிகள்தாம். தானியம் விளைவித்த மனிதனின் வாசலில் காத்துக் கிடந்த நாய்க்கு மட்டும், எத்தனையோ ஆயிரம் தலைமுறைகளின் பசி, சோற்றைச் செரிக்கும் சக்தியைக் குடலுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஆகவே நாயின் சுபாவம் என்னவென்று அறிய நாம் ஆரணியத்துக்குப் போக வேண்டியதில்லை. மனிதன் அடுப்பு மூட்டிய இடத்திலேயே அந்தச் சுபாவம் உருவாயிற்று.

பச்சைக் கறியில் வேறு அபாயங்களும் உண்டு. நம் நாட்டு வெப்பத்திலே அவை இன்னும் கூர்மையானவை. காலையில் அறுத்துக் கொக்கியில் மாட்டி, மத்தியானம் வரை ஈ மொய்க்கத் தொங்கும் இறைச்சியில் சால்மோனெல்லா முதலிய கிருமிகள் பெருகுகின்றன. நாய் அவற்றைத் தாங்கிக்கொண்டாலும் அதன் மலத்தின் வழியாக வீட்டிலுள்ள குழந்தைக்கும் கிழவருக்கும் அவை வந்து சேரலாம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகத் தங்கியிருக்கும் ஒருவகை நாடாப்புழு, அந்த உறுப்புக்களைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடுகிறது; அந்த முட்டை மனிதனின் வயிற்றுக்குள் போனால் அவனுடைய ஈரலில் அதே நீர்க்கட்டி வளர்ந்து, அறுத்து எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும். அடுப்பில் அரைமணி நேரம் வேகவைத்தால் தொலைந்துபோகும் தீமையை, இயற்கை என்ற பெயரால் வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதில் விவேகம் ஒன்றும் இல்லை.

உலர்ந்த உருண்டையின் சரித்திரமோ முற்றிலும் வேறு. 1860ஐ ஒட்டி, ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்பதற்காக லண்டனுக்குப் போனவர், துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கப்பல் பிஸ்கோத்தை நாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைக் கண்டு, கோதுமை மாவோடு காய்கறியும் மாமிசமும் சேர்த்துச் சுட்ட நாய் ரொட்டியைத் தயாரித்தார் என்று சொல்வார்கள். அதுவே இந்த வியாபாரத்தின் மூலம். இரண்டாம் உலக யுத்தத்தில் தகரத்துக்குப் பஞ்சம் வந்தபோது டப்பாவில் அடைத்த ஆகாரம் பின்தங்கி உலர்ந்த ஆகாரம் முன்னுக்கு வந்தது. 1957இல் அமெரிக்காவின் பியூரினா நிறுவனம், மாவை அழுத்தத்தில் வேகவைத்துப் பொரியாக வெளித்தள்ளும் யந்திரத்தைக் கொண்டு, இன்று நாம் காணும் உருண்டையைக் கடைக்குக் கொண்டுவந்தது. இதை நிந்திப்பது சுலபம்; ஆயினும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். தரமான உருண்டையில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் ஜீவசத்துக்களும் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்படுகின்றன. அந்தக் கணக்கை அறியாத வீட்டுச் சமையலைக் காட்டிலும் அது மேலானதே. அதன் குறை, உள்ளே இருப்பது இன்னதென்று உண்பவனும் அறியான், இடுபவனும் அறியான் என்பது. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையத்தில், புரதம் மிகுதியாக இருப்பதுபோல் காட்டுவதற்காக மெலமைன் என்ற ரசாயனம் கலக்கப்பட்டிருந்ததால், வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. எத்தனையோ பெயர்களில் விற்ற ஆகாரங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டே அதே விஷம் சீனக் குழந்தைகளின் பால்மாவில் அகப்பட்டது. நாயின் வட்டிலில் நேர்ந்த அநீதி குழந்தையின் பாலாடைக்கு வந்துசேர ஓர் ஆண்டுதான் பிடித்தது.

நாயின் வயிற்றுக்கும் மனிதனின் வயிற்றுக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் மிகப் பழையது. நம் தரப்பில் மிகவும் நன்றி கெட்டதுங்கூட. எதைத் தின்றால் உயிர் நிலைக்கும் என்ற சாஸ்திரத்தை மனிதன் பெரும்பாலும் நாய்களைப் பட்டினியிட்டே கற்றுக்கொண்டான். 1816இல் பாரிஸில் பிரான்ஸ்வா மாஜெந்தி நாய்களுக்குச் சர்க்கரையும் வடித்த நீரும் மட்டுமே கொடுத்துவந்து, அவை கண் புண்ணாகி, மெலிந்து மடிவதைக் கண்டார். மாவும் சர்க்கரையும் எவ்வளவு இருந்தாலும் நைட்ரஜன் கலந்த உணவின்றி ஜீவன் தரிக்காது என்ற உண்மை அவ்வாறே வெளிப்பட்டது. பாவ்லோவ் என்றால் மணியோசைக்கு நீர் ஊறும் நாயே எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது நாய்களைக் கொண்டு ஜீரணத்தை ஆராய்ந்ததற்காக. இரத்தம் குன்றிய நாய்களுக்கு ஈரலைக் கொடுத்துத் தேற்றிய ஜார்ஜ் விப்பிளின் ஆராய்ச்சி, மனிதரின் கொடிய சோகை ஒன்றுக்கு வழிகாட்டி, 1934இல் அதே பரிசை மற்றிருவரோடு அவருக்குப் பெற்றுத் தந்தது. மக்காச்சோள மாவையே தின்ற அமெரிக்க ஏழைகளைப் பீடித்த பெலாக்ரா என்னும் நோய்க்கு ஈடாக நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை, 1937இல் கான்ராட் எல்வேஜெம் நிகோடினிக் அமிலத்தால் குணப்படுத்தினார். நம்மவர் பங்கும் இதில் உண்டு: குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கி வளர்த்த ஆராய்ச்சிச்சாலை 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த பின், கோபாலன் முதலியோர் 1960களில் நம் நாட்டுச் சோளத்தைத் தீனியாகக் கொடுத்தே நாய்களிடம் அந்தக் கருநாக்கை வரவழைத்துக் காட்டினார்கள்.

இவற்றுள் எட்வர்ட் மெல்லன்பி முதல் உலக யுத்தத்தின் இறுதியில் லண்டனில் செய்த பரிசோதனையை நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அவர் நாய்க்குட்டிகளை வெயில் படாத அறையில் வைத்துக் கஞ்சி, ரொட்டி, கொஞ்சம் பால் என்று கொடுத்துவந்தார். சில மாதங்களில் அவற்றின் கால்கள் வளைந்தன, மூட்டுகள் வீங்கின, நிற்கவும் தடுமாறின. மீன் எண்ணெய் கொடுத்த குட்டிகளுக்கு அந்தக் கேடு நேரவில்லை. குழந்தைகளின் எலும்பு வளையும் நோய்க்கு ஆகாரக் குறையே காரணம் என்பதும், பின்னர் டி என்ற எழுத்தால் வழங்கலான ஜீவசத்தின் இருப்பும் இவ்வழியே துலங்கின. மெல்லன்பி நோயை வரவழைப்பதற்காக வேண்டுமென்றே கொடுத்த அந்த ஆகாரமும், நாம் மாடிவீட்டில் அன்போடு குழைத்து ஊட்டும் பால்சாதமும் ஏறக்குறைய ஒன்றே. தினமும் வெயிலில் விட்டால் போதாதோ என்றால், போதாது; மனிதரைப்போல் சூரிய ஒளியைக்கொண்டு தோலிலே அந்த ஜீவசத்தைப் போதிய அளவில் உண்டாக்கிக்கொள்ளும் சக்தி நாய்க்கு இல்லை. முட்டையின் மஞ்சளும் மீனும் ஈரலும் வழியாகத்தான் அது வந்து சேர வேண்டும்.

ஆகவே குட்டியின் ஆகாரமே இந்த விஷயத்தில் தலையாயது. பிறந்த முதல் நாளில் தாயின் சீம்பால் கிடைத்துவிட வேண்டும். நோயைத் தடுக்கும் சக்தி அதன் வழியாகவே பெரும்பாலும் இறங்குகிறது. தாயை இழந்த குட்டிகளுக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து ஊட்டுவது நம்மிடையே உள்ள தவறான கருணை. நாய்ப்பாலில் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பும் புரதமும் உண்டு. பாலிலுள்ள சர்க்கரை மட்டும் அதில் குறைவு. நீர்த்த பசும்பால் வயிற்றை நிரப்பிக் கழிச்சலை உண்டாக்குமேயன்றி உடம்பை வளர்க்காது. மூன்று நான்கு வாரத்தில் குழைந்த ஆகாரத்தை நக்கப் பழக்கி, எட்டாவது வாரத்துக்குள் தாய்ப்பாலை மறக்கடிப்பது கிரமம். அதன் பிறகு நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பிறகு இரண்டு வேளையும் கொடுக்கலாம்.

எலும்பு வளரும் பருவத்தில் இரு திசையிலும் பிழை நேரலாம். வெறும் தசைக்கறியையே கொடுத்தால், அதில் சுண்ணாம்பைக் காட்டிலும் பாஸ்பரஸ் 15 அல்லது 20 மடங்கு மிகுதியாக இருப்பதால், குட்டியின் சரீரம் அந்தக் குறையை ஈடுசெய்யத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கடன் வாங்கும். ஒரு சிறு தாவலில் கால் முறியும். அதற்கு அஞ்சி, நன்கு அமைந்த ஆகாரத்தின்மேல் சுண்ணாம்பு டானிக்கையும் தாராளமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாததை வேண்டாமென்று தள்ளும் திறம் இளங்குட்டியின் குடலுக்கு இன்னும் வாய்த்திராததால், கிரேட் டேன் போன்ற பேருருவ ஜாதிகளில் அந்த மிகுதியே எலும்பைக் கோணச் செய்கிறது. பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் சுண்ணாம்பு ஒன்றுக்குக் குறையாமலும் இரண்டுக்கு மேற்படாமலும் இருப்பதே உசிதமான அளவு.

இந்த அளவை வீட்டிலே காண்பது அசாத்தியமன்று. சோறோ கேழ்வரகோ ஒரு பங்கு, வேகவைத்த கோழியோ மீனோ முட்டையோ ஒரு பங்கு, பூசணி, காரட், பீன்ஸ் போன்ற வெந்த காய் அரைப் பங்கு, வாரத்தில் இரண்டு நாள் சிறு துண்டு ஈரல் என்று அமைத்துக்கொள்ளலாம்; ஈரல் மிதமிஞ்சினால் ஏ ஜீவசத்து மிகுந்து கெடுதலாகும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு உண்டு. அரிசியிலோ அது மிக அற்பம். ஒரு கோழிமுட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது. நன்கு வேகவைத்து உலர்த்தி மாவாகப் பொடித்துச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கலாம். முள்ளோடு மைய வேகவைத்த நெத்திலி குட்டிகளுக்கு மிக நல்லது. உப்பேறிய கருவாடு கூடாது. மாமிசம் நுழையாத வீட்டார் மனம் சோர வேண்டியதில்லை. பூனையைப்போலன்றி, நாய் காரட்டின் மஞ்சள் நிறப்பொருளிலிருந்து ஏ ஜீவசத்தை உண்டாக்கிக்கொள்ளவல்லது; சி ஜீவசத்தையும் தன் ஈரலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. முட்டை, தயிர், பருப்பு இவற்றைக்கொண்டு வைத்தியரின் ஆலோசனையோடு அதை வளர்த்துவிடலாம். வெறும் தயிர்சாதத்தால் இயலாது.

கொடுக்கக் கூடாதவற்றின் ஜாபிதா சிறியதே. ஆயினும் நம் சமையலின் பாதி அதில் அடங்கிவிடுகிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு அணுக்களைச் சிதைக்கின்றன. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும், பச்சையானாலும் வெந்தாலும் தீமை ஒன்றே. சாம்பார் சோறும் பிரியாணியின் மிச்சமும் இதனாலேயே தகாதவை. திராட்சைப்பழமும் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தைப் பதறவைக்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சில மிட்டாய்களில் சேரும் சைலிடால் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தும். வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாகப் பிளந்து குடலைக் குத்தும். டீக்கடை வாசலில் தெருநாய்க்குப் பொறையும் பிஸ்கோத்தும் வாங்கிப் போடும் நல்ல உள்ளங்களை நான் குறை கூறமாட்டேன். அதே காசுக்கு ஓர் அவித்த முட்டை கிடைக்குமானால் அதுவே மேல் என்று மட்டும் சொல்வேன்.

எதைக் கொடுப்பது என்பதைப்போலவே எவ்வளவு கொடுப்பது என்பதும் ஆராயத்தக்கது. 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைக் காட்டிலும் கால் பாகம் குறைவாக ஆகாரம் கொடுத்து, ஆயுள் முழுதும் கவனித்து 2002இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நிறையத் தின்றவை இடைநிலையாக 11.2 ஆண்டுகளும், குறைவாகத் தின்றவை 13 ஆண்டுகளும் வாழ்ந்தன. மூட்டுவாதமும் பின்னவற்றை வெகு தாமதமாகவே அணுகிற்று. கெஞ்சும் கண்களுக்கு இரங்கி நாம் மேலும் மேலும் இடும் கவளங்கள் அந்தக் கண்களின் ஆயுளைக் குறைக்கின்றன என்பது கசப்பான செய்தி. அன்புக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

திருவிடைமருதூர்க் கோயிலில் கீழைவாசலில் பட்டினத்தாரும் மேலைவாசலில் பத்திரகிரியாரும் இருந்ததாகக் கதை உண்டு. பிச்சை கேட்டு வந்தவனிடம் பட்டினத்தார், தம்மிடம் ஒன்றுமில்லை, மேலைவாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள் என்று சொல்லி அனுப்பினார். ராஜ்யத்தையே துறந்துவந்த பத்திரகிரியாரை அவர் சம்சாரி என்றதற்குக் காரணம், அவரிடம் ஒரு திருவோடும், அந்த ஓட்டின் மிச்சத்தைத் தின்ன ஒரு நாயும் இருந்தன என்பதுதான். பத்திரகிரியார் ஓட்டை வீசியெறிந்ததும் அது பட்டு நாய் இறந்ததும் துறவின் சரித்திரம். நமக்கு வேண்டியது அதன் முற்பகுதி. ஒரு நாய்க்குச் சோறிடத் தொடங்கியவன், வேறெதுவும் இல்லாதவனானாலும், குடும்பஸ்தன் ஆகிவிடுகிறான். மிச்சத்தைக் கொட்டுவதோடு அவன் கடமை தீர்வதில்லை; குடும்பத்திலுள்ள மற்றோருக்கு எவ்வளவு யோசித்துச் சமைக்கிறானோ அவ்வளவு யோசனைக்கு அந்த ஜீவனும் பாத்தியதை உடையது. நாம் இன்று தெரிந்து உண்ணும் உணவின் ஞானத்தில் ஒரு பங்கு அதன் முன்னோர் உயிரைக் கொடுத்து நமக்கு வாங்கித் தந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தால், நாம் இடுவது பிச்சை அன்று, பழைய கடனின் வட்டி என்று புலப்படும்.

எனவே குட்டி ஒன்றைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அதன் ஜாதியையும் நிறத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன், அதற்கென்று தினமும் ஒரு முட்டையும், ஒரு பிடி கறியோ மீனோ பருப்போ, வெங்காயம் சேராமல் தனியே வேகவைக்கக் கால்மணி நேரமும் நம் வீட்டில் உண்டா என்று கணக்குப் பாருங்கள். உண்டென்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால், அதைக் கொண்டுவராமல் இருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் தர்மம்.